லொறி ஏன் நின்றுபோகிறது?



பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியை விட்டு உள்ளே திரும்பினால் கண்டாவளையின் வயல்வெளிகள் கண்ணுக்குத் தெரியும். தை பிறந்து அரிவிவெட்டுத் தொடங்கிவிட்டால் அங்கே மனிதருக்கும் ஓய்வில்லை, வாகனங்களுக்கும் ஓய்வில்லை. முன்னொரு காலத்தில் நாட்கணக்கில் வெட்டிச் சூடு வைத்து, ஆறுதலாக மிதித்த நெல்லை, இன்று வெட்டும் இயந்திரம் ஒரு பகலிலே கொட்டித் தந்துவிடுகிறது. கொட்டப்படும் நெல் ஈர நெல். அதனை உடனே ஏற்றிக் கொண்டுபோய்க் காயப்போட வேண்டும், அல்லது விற்றுவிட வேண்டும். சாக்குக்குள் இரண்டு நாள் கிடந்தால் சூடேறி நிறம் மாறும்; நிறம் மாறினால் விலை இறங்கும். அந்த வேளையிலேதான் வரம்போரத்தில் நிற்கும் பழைய லொறி தன் குணத்தைக் காட்டத் தொடங்குகிறது. ஏறி மிதித்தால் ஓடுகிறது. காலை எடுத்தால் நடுங்குகிறது. நடுங்கி நடுங்கி நின்றுவிடுகிறது.

அப்பொழுது அங்கே கூடும் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு: “பம்பி போய்விட்டது.” லொறியின் உறுப்புகளுள் டீசல் பம்பியைப் போல் அநியாயமாகப் பழி சுமக்கும் உறுப்பு வேறில்லை என்பது என் எண்ணம். பம்பியைக் கழற்றி நகரத்துக்கு அனுப்பிப் பழுது பார்ப்பதற்கு ஆகும் செலவு, சிறு விவசாயி ஒருவரின் அந்தப் போகத்து ஊதியத்தை விழுங்கிவிடக் கூடியது. அவ்வளவும் செலவழித்துப் பம்பியைத் திரும்பப் பூட்டிய பின்னும் லொறி முன்போலவே நின்றுபோகுமானால், குற்றம் ஐந்து சதமும் பெறாத ஒரு வாசரிலோ வெடித்த றப்பர்க் குழாயிலோ இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் புலப்படும். ஆகவே, பழைய டீசல் லொறி ஒன்று வெற்றோட்டத்தில் நடுங்குவதற்கும் நின்றுபோவதற்கும் உரிய காரணத்தை எந்த ஒழுங்கிலே தேடுவது என்பதையே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன். கராச்சுகளில் ‘ஐட்லிங்’ என்று சொல்லப்படுவதையே வெற்றோட்டம் என்கிறேன்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. ஜெர்மனியைச் சேர்ந்த ருடோல்ப் டீசல் என்பவர் 1892ஆம் ஆண்டு உரிமைக்கு விண்ணப்பித்து, 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பேர்க் நகரிலே வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இயந்திரத்தின் தத்துவம் மிக எளிதானது. காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னுமளவுக்கு நெருக்கினால் அது 500 பாகை செல்சியசுக்கு மேலே சூடேறும்; அந்தச் சூட்டிலே எண்ணெயைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பியின் அடிப்பாகம் சூடாவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆயின் எண்ணெயைச் சரியான கணத்தில், சரியான அளவில், பனிப்புகைபோலத் தூவுவதே கடினமான காரியமாக இருந்தது. 1927ஆம் ஆண்டு பொஷ் நிறுவனம் தன் பம்பியைப் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கிய பின்னரே டீசல் லொறி உலகெங்கும் பரவியது. நம் வீதிகளில் ஓடிய பெட்போர்ட், லேலண்ட், டாட்டா முதலிய லொறிகளின் பம்பிகளும் அந்த வழியில் வந்தனவே.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஆறு சிலிண்டர் இயந்திரம் ஒன்று வெற்றோட்டத்தில் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றுகிறது என்க. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணெய் கிடைக்கிறது. ஆகவே நிமிடத்துக்கு 1,800 தூவல்கள். மணிக்கு 108,000 தூவல்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லீற்றர் டீசல் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு தூவலுக்குக் கிடைப்பது ஒன்பது கன மில்லிமீற்றர். ஒரு துளித் தண்ணீர் ஏறத்தாழ ஐம்பது கன மில்லிமீற்றர். எனவே, ஒரு துளியை ஐந்தாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை ஆறு சிலிண்டர்களுக்கும் ஏற்றத்தாழ்வின்றி, நிமிடத்துக்கு 1,800 முறை பரிமாறுகிறது அந்தப் பம்பி. பாரம் ஏற்றி மிதித்து ஓடும்போது ஒரு தூவல் இதனிலும் பல மடங்கு பெரியது. அப்பொழுது ஒரு சிறு காற்றுக்குமிழ் குறுக்கிட்டாலும் இயந்திரம் பொருட்படுத்தாது. வெற்றோட்டத்திலோ அதே குமிழ் முழுத் தூவலையுமே விழுங்கிவிடும். ஓடும்போது நன்றாக ஓடுகிறதே, நிறுத்தி வைத்தால்தானே நடுங்குகிறது என்று வியப்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கிலே இருக்கிறது. பெருஞ்செல்வன் வீட்டில் தெரியாத களவு ஏழை வீட்டில் உடனே தெரிந்துவிடுவது போன்றது இது.

சாவியைக் கையில் எடுக்கு முன்னே சாரதியைக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. வைத்தியர் நாடி பிடிக்குமுன் வினவுவதில்லையா? முதலாவது கேள்வி, லொறி எவ்வாறு நின்றது என்பது. விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நின்றதா, மூச்சுத் திணறி, தள்ளாடி, மெல்ல நின்றதா? சட்டென்று நின்றதாயின், எண்ணெயை அடைக்கும் நிறுத்தக் கம்பியையோ, மின்சாரத்தால் இயங்கும் நிறுத்து வால்வையோ சந்தேகிக்க வேண்டும். பிற்காலத்து யப்பானிய லொறிகள் பலவற்றில் பம்பியின் மேலே அத்தகைய வால்வு ஒன்று உண்டு. மின்சாரம் இருக்கும்வரை அது திறந்திருக்கும். மின்சாரம் அற்றவுடன் மூடிக்கொள்ளும். கிரவல் வீதியின் குலுக்கலிலே அதற்கு வரும் ஒற்றைக் கம்பி தளர்ந்தால் போதும், இயந்திரம் கணத்தில் மௌனமாகிவிடும். பழைய வகையில், இழுத்து நிறுத்தும் கம்பி துருப்பிடித்து முழுதும் திரும்பாமல் பாதியில் நின்றால், வெற்றோட்டத்துக்கு வேண்டிய எண்ணெயை அதுவே பறித்துக்கொள்ளும். பம்பியைக் கழற்றுமுன் இந்தக் கம்பியைக் கையால் ஒருமுறை தள்ளிப் பார்ப்பதற்கு எவருக்கும் எந்தச் செலவும் இல்லை.

அடுத்த கேள்வி, எப்போது நிற்கிறது என்பது. காலையில் ஓரடியில் உயிர்பெற்று, அரை நிமிடம் நன்றாக ஓடி, பின்பு நின்றுவிடுகிறதா? இரவில் எண்ணெய்க் குழாயினுள் காற்றுப் புகுந்து, எண்ணெய் தாங்கிக்குத் திரும்ப இறங்கிவிட்டது. வடிகட்டியில் எஞ்சியிருந்த எண்ணெய் தீரும்வரை ஓடியது. காற்று வந்ததும் நின்றது. அல்லது, தாங்கி நிறைய இருக்கும்போது குற்றமின்றி, பாதிக்குக் கீழே இறங்கியதும் நிற்கத் தொடங்குகிறதா? தாங்கிக்குள்ளே இறங்கும் உறிஞ்சு குழாயில் வெடிப்பு உண்டு. எண்ணெய் அந்த வெடிப்புக்கு மேலே நிற்கும்வரை தொல்லையில்லை. கீழே இறங்கியதும் குழாய் காற்றைக் குடிக்கிறது. கால் மணி நேரம் ஓடி நின்று, சிறிது ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறதா? தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் ஒலி கேட்டால், மூடியில் இருக்கும் சிறு மூச்சுத்துளை அடைபட்டிருக்கிறது. மூடி தொலைந்த லொறிக்குப் பொலித்தீனைச் சுற்றிக் கயிற்றால் இறுகக் கட்டிவிடுவதும் இதே விளைவைத் தரும். உள்ளிருந்து எண்ணெய் வெளியேற, அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிடின் தாங்கியே எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாவதாகக் கேட்க வேண்டியது புகையை. வெற்றோட்டத்தில் வெள்ளைப்புகை வந்து மூக்கையும் கண்ணையும் கரிக்குமானால், எண்ணெய் தூவப்படுகிறது, ஆனால் எரியவில்லை என்பது பொருள். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. சூடேறிய பின்னும் நிலைத்திருந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் காற்று நெருக்கம் குறைந்திருக்கிறது, அல்லது தூவும் நேரம் பிந்திவிட்டது. கரும்புகையாயின் எண்ணெய் மிகுதி, அல்லது காற்று குறைவு. நொசில் சொட்டுகிறதா, காற்று வடிகட்டி புழுதியால் அடைந்ததா என்று பார்க்க வேண்டும். கோடையில் கண்டாவளைப் புழுதியில் ஓடும் வாகனத்துக்குக் காற்று வடிகட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நீலப்புகை எனின் இயந்திர எண்ணெய் எரிகிறது. அது வேறு கதை.

இவ்வளவும் கேட்டறிந்த பின் எண்ணெயிடம் வருவோம். வன்னிப் பெருநிலத்தில் எண்ணெய்க்கு ஒரு சரித்திரம் உண்டு. 1990களில், போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது, வடக்கிலே வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் கார்களுக்குச் சில துளி பெற்றோலைக் கொடுத்து உயிரூட்டி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். டீசல் இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெயிலே வேறு எண்ணெய் கலந்து ஊற்றினார்கள். அந்த நெருக்கடியில் அது மதிநுட்பம். குறை கூறுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் இயந்திரத்துக்கு இரக்கம் தெரியாது. டீசல் பம்பிக்குள் ஓடும் தண்டுக்கும் அது ஓடும் துவாரத்துக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தலைமயிர் ஒன்றின் கனத்தில் அது இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கு உயவு எண்ணெய் வேறு ஊற்றுவதில்லை. டீசலே அதற்கு உயவு. மண்ணெண்ணெய் மெல்லியது, வழுவழுப்புக் குறைந்தது; ஆகவே தண்டு தேய்ந்தது. தடை நீங்கிய பின்னரும், விலை மலிவு காரணமாக மண்ணெண்ணெயை டீசலோடு கலப்பார் இருந்தனர். 2022ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்த பின் அந்த ஆசைக்கு இடம் குறைந்தது.

அதே ஆண்டில் நாடு முழுதும் எரிபொருள் அருகி, மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், கிடைத்ததைக் கான்களிலும் பீப்பாய்களிலும் சேமித்து வைத்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சேமித்த டீசலில் தண்ணீர் சேரும். பகல் வெப்பத்திலே விரிந்து வெளியேறும் காற்று, இரவுக் குளிரில் ஈரத்தோடு திரும்பி உள்ளே வருகிறது. பாதி நிரம்பிய கானின் உட்சுவரில் அந்த ஈரம் வியர்த்து அடியில் இறங்குகிறது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் அந்தத் தட்டிலே ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து, கறுத்த சளிபோலத் திரண்டு வடிகட்டியை அடைக்கும். வெள்ளம் வந்தால் கேட்கவே வேண்டாம். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டுக் கண்டாவளைப் பகுதி நீரில் மூழ்கியதே, அத்தகைய வெள்ளத்தில் நின்ற வாகனத்தின் தாங்கியை வடித்துக் கழுவாமல் இயந்திரத்தைத் தொடவே கூடாது.

தண்ணீர் உண்டா என்று அறிய ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். இரவு முழுதும் லொறியை அசையாமல் நிறுத்தி, காலையில் இயந்திரத்தை இயக்குமுன் தாங்கியின் அடியிலுள்ள வடிகால் ஆணியைத் தளர்த்தி, முதலில் வருவதைப் போத்தலில் பிடியுங்கள். வடிகட்டியின் அடியிலும் அவ்வாறே பிடியுங்கள். கால் மணி நேரம் வைத்துப் பார்த்தால் தண்ணீர் அடியில் தனித்து நிற்கும். டீசல் தெளிந்த நிறத்தில் இல்லாமல் கலங்கிப் பால்போல் இருந்தாலும் தண்ணீர்தான். போத்தலை மூக்கருகே பிடித்தால் மண்ணெண்ணெய் வாசனையையும் அனுபவசாலிகள் கண்டுகொள்வார்கள்.

எண்ணெய் சுத்தமாக இருந்தும் குற்றம் தொடருமானால் காற்றைத் தேட வேண்டும். இங்கேதான் பலர் வழிதவறுகிறார்கள். தாங்கிக்கும் ஊட்டு பம்பிக்கும் இடையிலே எண்ணெய் உறிஞ்சப்பட்டு வருகிறது, தள்ளப்பட்டு வருவதில்லை. ஆகவே அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே ஒழுகாது; காற்று உள்ளே போகும். வெளியே ஒழுக்கைக் காணவில்லை, ஆகையால் குழாயில் குற்றமில்லை என்று சொல்வது தவறு. வெயிலில் வெடித்த றப்பர்க் குழாய், சட்டத்தில் உரசித் தேய்ந்த செப்புக் குழாய், ஒருமுறை நசுங்கிய பின் மாற்றாமல் மறுபடி இறுக்கிய வாசர், ஊட்டு பம்பியின் கையடிக் குமிழ் — இவை யாவும் ஐயத்துக்குரியவை.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதிலும் சிறந்த உபாயம் ஒன்றுண்டு. சுத்தமான கான் ஒன்றில் ஐந்து லீற்றர் நல்ல டீசலை எடுத்து, இயந்திரத்துக்கு மேலான உயரத்தில் பத்திரமாகக் கட்டுங்கள். தாங்கியிலிருந்து வரும் குழாயை ஊட்டு பம்பியின் வாயிலே கழற்றிவிட்டு, கானிலிருந்து ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை அங்கே பூட்டுங்கள். எண்ணெய் இப்போது தன் பாரத்தாலேயே இறங்கி வரும். எயார் எடுத்து இயந்திரத்தை இயக்கி, கால் மணி நேரம் வெற்றோட்டத்தில் விடுங்கள். நடுக்கம் நீங்கிவிட்டால் குற்றம் தாங்கிக்கும் ஊட்டு பம்பிக்கும் இடையிலே; பம்பியும் நொசிலும் நிரபராதிகள். நடுக்கம் நீங்காவிடின், தாங்கியையும் அதன் குழாய்களையும் மறந்துவிட்டு முன்னே செல்லலாம். அரை மணி நேரத்து வேலை. லொறியின் அரைப்பங்கு சந்தேகங்களை இது அடித்துத் தள்ளிவிடும். நகரத்துக் கருவிகள் எதுவும் இல்லாத வரம்போரத்திலும் செய்யக்கூடியது என்பதால், எனக்குத் தெரிந்த சோதனைகள் யாவற்றுள்ளும் இதனையே நான் மிகவும் மதிக்கிறேன். கானைச் சூடான புகைக்குழாய்க்கு அருகே கட்டிவிடாதீர்கள். பக்கத்தில் நின்று எவரும் சுருட்டுப் பற்றவைக்கவும் வேண்டாம்.

எயார் எடுத்தல் என்றேன். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வடிகட்டியின் தலையிலுள்ள ஆணியைத் தளர்த்திக் கையடிப் பம்பியை அடிக்க வேண்டும். நுரையாக வருவது நின்று, குமிழின்றி எண்ணெய் வரும்போது, அடித்துக்கொண்டிருக்கையிலேயே ஆணியை இறுக்க வேண்டும். அதன்பின் டீசல் பம்பியின் ஆணியில் அதையே செய்ய வேண்டும். இறுதியாக, நொசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை இரண்டிரண்டாகத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றி, எண்ணெய் துள்ளி வந்ததும் இறுக்க வேண்டும். அவசரப்பட்டு நடுவிலிருந்து தொடங்கினால், பின்னிருந்த காற்று முன்னுக்கு வந்து வேலையை மறுபடி செய்விக்கும்.

இனி, நடுக்கத்தின் தாளத்தைக் கேட்போம். இயந்திரம் ஒரே சீராக ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறதா? அது வேகத்தைக் காக்கும் கவர்னரின் குற்றமாகவோ, இன்னும் எஞ்சியிருக்கும் காற்றாகவோ இருக்கலாம். அவ்வாறன்றி, தவிற்காரர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அடியைத் தவறவிட்டாற்போல் ஒழுங்காக ஒரு அடி விழாமற் போகிறதா? அப்படியாயின் ஒரே ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. எந்தச் சிலிண்டர் என்று அறிவது எளிது. வெற்றோட்டத்தில் ஓடவிட்டு, நொசிற் குழாயின் நட்டை ஒரு சிலிண்டருக்கு அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். நன்றாக வேலை செய்யும் சிலிண்டராயின் இயந்திரத்தின் ஓசை உடனே தாழும், நடுக்கம் கூடும். நட்டை இறுக்கி அடுத்ததற்குச் செல்லுங்கள். எந்த நட்டைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் முன்னமே உறங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லாமல் அப்பால் செல்ல எனக்கு மனமில்லை. பழைய லொறியின் நொசில் கூட வளிமண்டல அமுக்கத்தைப் போல் நூற்றைம்பது, இருநூறு மடங்கு அமுக்கத்தில் திறப்பது. அந்த அமுக்கத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். போன இடத்தில் ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் அதிகம் இராது. சில மணி நேரத்தில் கை வீங்கும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். ஆகவே ஒழுக்கைத் தேடுவதற்கு விரலைப் பயன்படுத்தாதீர்கள்; ஒரு மட்டைத் துண்டைப் பிடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். தப்பித்தவறி எண்ணெய் தோலினுள் பாய்ந்துவிட்டால், மருந்து பூசிக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடராமல், அந்த நேரமே வைத்தியசாலைக்குச் சென்று, டீசல் உள்ளே பாய்ந்தது என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். புதிய லொறிகளில் உள்ள பொதுக்குழாய் முறை ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட அமுக்கத்தில் வேலை செய்வது. அவற்றில் ஓடும்போது நட்டைத் தளர்த்தும் சோதனையைக் கனவிலும் செய்யக்கூடாது. நான் பேசுவது பழைய பம்பி பூட்டிய லொறிகளைப் பற்றி மட்டுமே.

உறங்கும் சிலிண்டரைக் கண்டபின், குற்றம் நொசிலிலா சிலிண்டரிலா என்று பிரிக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, அந்த நொசிலைக் கழற்றி, நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் நொசிலோடு இடம் மாற்றிப் பூட்டுங்கள். குற்றமும் கூடவே இடம்பெயர்ந்தால் நொசில்தான். அதே சிலிண்டரில் நின்றுவிட்டால் நொசிலைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. பூட்டும்போது அடியிலுள்ள செப்பு வாசரைப் புதிதாகப் போடுங்கள். பழைய வாசர் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் இன்னொன்றைப் போட்டு இறுக்கிவிட்டு, நெருக்கம் எங்கே போகிறது என்று தேடுவதும் நடப்பதே. கழற்றிய நொசிலைச் சோதனைக் கருவியில் அடித்துப் பார்த்தால் தூவல் புகைபோல் விரிந்து, சட்டென்று அறுபட வேண்டும். நீர்த்தாரைபோல் நேரே பாய்ந்தாலும், அடித்தபின் மூக்கில் துளி தொங்கினாலும் அது ஆகாது. நொசிலின் மூக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துப்புரவாக்குவது சிலருடைய வழக்கம். துவாரங்கள் கெட்டுப்போக அதைவிட நல்ல வழியில்லை.

நொசில் நல்லதாயின், வால்வுகளின் இடைவெளியை அந்த இயந்திரத்துக்குரிய புத்தகத்திற் கண்ட அளவிலே சரிபார்க்க வேண்டும். இடைவெளி அற்றுப்போய் வால்வு முழுதும் மூடாமல் நின்றால் காற்று நெருங்காது. நெருங்காவிடின் சூடு பிறவாது. இயந்திர எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கையில் ‘குப் குப்’ என்று புகை தள்ளுமானால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அது பெரிய வேலை. போகம் முடியும்வரை தள்ளிப்போடலாம், ஆனால் மறக்கலாகாது.

இவற்றையெல்லாம் கடந்த பின்னரே பம்பியின் முறை வருகிறது. தேய்ந்த பம்பிக்குத் தனியான அடையாளம் உண்டு. குளிர்ந்திருக்கும்போது நன்றாக இயங்கும். பாரத்தோடு நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய பின், வெற்றோட்டத்தில் தள்ளாடி நிற்கும்; நின்றபின் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது; ஒரு மணி நேரம் ஆறியபின் ஒன்றுமே நடவாததுபோல் பிடித்துக்கொள்ளும். சூட்டில் டீசல் மெலிகிறது. மெலிந்த டீசல் தேய்ந்த தண்டின் பக்கமாக நழுவிவிடுகிறது. மெல்லச் சுற்றும்போது நழுவுவதற்கு நேரமும் மிகுதி. அந்த நிலையில், நின்றுபோன இயந்திரத்தின் பம்பிமேல் நனைத்த துணியைச் சுற்றிச் சிறிது நேரம் வையுங்கள். பம்பி ஆறியதும் இயந்திரம் பிடித்துக்கொண்டால், இப்பொழுது நீங்கள் ‘பம்பி போய்விட்டது’ என்று சொல்லலாம், சாட்சியோடு சொல்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சூடான பம்பியில் குளிர்ந்த நீரை ஊற்றிவிட வேண்டாம். உள்ளே தண்டு இறுகிப்போகும்.

இன்னுமொன்று. மிகப் பழைய லொறிகள் சிலவற்றில் கவர்னர் காற்று உறிஞ்சலால் இயங்குவது. உள்ளே ஒரு தோற்றகடு இருக்கும்; காற்றுக் குழாயிலிருந்து ஒரு சிறு குழாய் அதற்கு வரும். அந்தத் தோல் உலர்ந்து வெடித்தாலோ, சிறு குழாய் கழன்றாலோ, பம்பி எண்ணெயைக் குறைக்கும் வழியறியாமல் முழுதாகத் திறந்துகொள்ளும். சிறு வெடிப்பாயின் இயந்திரம் ஊஞ்சலாடும். பெருங்கிழிசலாயின் வெறிகொண்டு சுற்றித் தன்னையே உடைத்துக்கொள்ளும். ஊஞ்சலாட்டம் தோன்றிய அன்றே அந்தத் தகட்டைக் கழற்றிப் பார்ப்பது நலம்.

வெற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியைப் பற்றி இதுவரை நான் சொல்லவில்லை. பலரும் முதலிலே தொடுவது அதனைத்தான். அதைத் திருகி வேகத்தைக் கூட்டிவிட்டால் நடுக்கம் மறைந்ததுபோல் தோன்றும், குற்றம் அங்கேயே இருந்துகொண்டு வளரும், டீசலும் வீணாகும். காரணத்தைக் கண்டு நீக்கிய பின், இயந்திரம் நன்றாகச் சூடேறிய நிலையில், புத்தகத்திற் சொன்ன வேகத்துக்கு அதனைத் திருப்பி வைத்துப் பூட்டு நட்டை இறுக்குங்கள்.

எல்லாம் பார்த்தும் பம்பியை அனுப்பத்தான் வேண்டுமெனின், வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்புமுன், அது இயந்திரத்தில் இருந்த நிலையைக் காட்ட இரண்டு பக்கமும் பொருந்தும்படி ஒரு கோட்டைக் கீறிக்கொள்ளுங்கள். குழாய் வாய்களை எல்லாம் சுத்தமான துணியால் கட்டுங்கள். நொசில்களையும் கூடவே அனுப்புங்கள். ஒரு கடதாசியில் இயந்திரத்தின் வகை, குளிரில் எப்படி, சூட்டில் எப்படி, நனைந்த துணி வைத்தபோது என்ன நடந்தது, எந்தச் சிலிண்டர் உறங்கியது என்பவற்றை எழுதி, அதனைப் பம்பியோடு கட்டி அனுப்புங்கள். திரும்பி வந்ததும், அது சோதனை மேசையில் ஒவ்வொரு வாய்க்கும் எவ்வளவு எண்ணெய் விட்டது என்ற கணக்கைக் கேட்டு வாங்குங்கள். வெற்றோட்ட வேகத்தில் எடுத்த கணக்கும் அதில் இருக்க வேண்டும். பூட்டுமுன் தாங்கியை வடித்து, வடிகட்டிகளை மாற்றிவிடுங்கள்.